ஊசி முக்கோணமும் நெற்குவியலும்

(மதுரையில் கணித ஆசிரியர்கள் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முக்கோணக் கணக்கையும் கூம்புக் கணக்கையும் கணினியில் போடுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே ஜியோஜீப்ரா மென்பொருள் வந்துவிட்டது. கைபேசியால் க்யூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்தால் முக்கோணம் திரையில் வந்து நிற்கிறது. அதனால் அதை விட்டுவிடுகிறேன். விடை வந்த பிறகு அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரு வயலிலிருந்து தொடங்கலாம். மேலூர் பக்கமோ சோழவந்தான் பக்கமோ போய்ப் பாருங்கள். கண்மாய்க் கரை வளைந்து கிடக்கும். வாய்க்கால் தன் போக்கில் ஓடும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நிலம் சதுரமாக இருக்க வழியே இல்லை. நீளமாய், ஒல்லியாய், ஊசி மாதிரி ஒரு முக்கோணம் மிஞ்சும். அதற்கும் பட்டா உண்டு, பங்காளிச் சண்டையும் உண்டு.

அப்படி ஒரு நிலத்தின் மூன்று பக்கங்கள் 200 மீட்டர், 120 மீட்டர், 80.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பில் நாம் நடத்தும் ஹெரான் சூத்திரம் போதும். கணினியில் போட்டால் 620.24 சதுர மீட்டர் என்று வருகிறது. நம் ஊர்க் கணக்கில் 15.3 சென்ட். இப்போது நாடா பிடித்தவர் வரப்பு மேட்டில் கொஞ்சம் சரிந்து நின்றுவிட்டார், 80.4 என்பதை 80.3 என்று படித்துவிட்டார். பத்தே சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. மறுபடி போடுங்கள்: 537.02 சதுர மீட்டர், 13.3 சென்ட். இரண்டு சென்ட் நிலம் காணாமல் போய்விட்டது! 80.0 என்று படித்திருந்தால் மொத்த நிலமுமே போயிருக்கும். 120-உம் 80-உம் கூட்டினால் 200. முக்கோணம் படுத்துவிட்டது, பரப்பளவு பூச்சியம்.

இதையே பக்கத்துக்கு 120 மீட்டர் உள்ள சமபக்க முக்கோணத்தில் செய்து பாருங்கள். ஒரு பக்கத்தில் பத்து சென்டிமீட்டர் தவறினால் 6,235 சதுர மீட்டரில் மூன்றரை சதுர மீட்டர் மாறும். ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாடா அதே நாடா, ஆளும் அதே ஆள். முக்கோணத்தின் உடல்வாகுதான் வேறு. அந்த ஊசி வயலின் கூர்முனைகள் இரண்டிலும் கோணம் 3 பாகை, 4.4 பாகை. நில அளவைப் புத்தகங்கள் எந்தக் கோணமும் 30 பாகைக்குக் கீழே போகக்கூடாது, 120-ஐத் தாண்டக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

சரி, ஊசி வயலை அளக்கவே முடியாதா? முடியும். சர்வே ஆபீஸ்காரர்கள் பழைய காலத்திலிருந்தே அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எஃப்.எம்.பி. என்று நாம் சொல்லும் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். வயலுக்குள் குறுக்கே ஜி லைன் என்று கோடுகள் போட்டு முக்கோணங்களாகப் பிரித்திருப்பார்கள். எல்லை நெளிகிற இடங்களில் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக ஆப்செட் எடுத்திருப்பார்கள். நம் ஊசி வயலில் 200 மீட்டர்ப் பக்கத்தை அடியாக வைத்து, எதிர் முனைக்குச் செங்குத்துத் தூரம் அளந்தால் 6.2 மீட்டர் வரும். அதிலும் அதே பத்து சென்டிமீட்டர் தவறட்டும். பாதி, பெருக்கல் 200, பெருக்கல் 0.1: பத்தே சதுர மீட்டர். இரண்டு சென்ட் தவறிய இடத்தில் இப்போது கால் சென்ட் தவறுகிறது. எதை அளப்பது என்று தேர்ந்தெடுத்ததில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. அந்தச் சாமர்த்தியம் சங்கிலி பிடித்தவர்களிடம் இருந்தது.

இன்று அந்தப் புலப்படங்களைக் கணினியில் ஏற்றுவதற்குத் தேசியத் தகவல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் என்ற மென்பொருள் தமிழ்நாட்டில் பயன்படுகிறது. ஜி லைன் நீளங்களையும் ஆப்செட்டுகளையும் உள்ளே கொடுத்தால் முக்கோணங்களை அதுவே தீர்த்து, வரைபடமும் வரைந்து, பரப்பும் சொல்லும். நீங்கள் இணையத்தில் எடுக்கும் எஃப்.எம்.பி. அப்படி வந்ததுதான். முக்கோணக் கணக்கு எதற்கு உதவும் என்று கேட்கிற மாணவனுக்கு அவன் வீட்டுப் பட்டாவை எடுத்துக் காட்டுங்கள். வேறு பதில் வேண்டாம்.

இந்த நாட்டில் முக்கோணக் கணக்கு பெரிய அளவில் தொடங்கியதும் தமிழ் மண்ணில்தான். நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். நீளம் அளப்பதுதான் பெரும்பாடு. அதை ஓரிடத்தில் முடித்துவிட்டால், அப்புறம் முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கோணத்தை மட்டும் அளந்துகொண்டே போகலாம். நம் சமவெளியில் அதற்கு ஒரு சங்கடம்: பனையும் தென்னையும் பார்வையை மறைக்கும். குன்று இல்லாத இடத்தில் கோயில் கோபுரம்தான் கதி. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப்போனது. லாம்டன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நிமிர்த்தினார் என்று சொல்வார்கள். 

லாம்டன் தொடங்கிய அந்த அளவைத் துறையில் 1831-இல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காள இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய பதவியின் பெயரே ‘கம்ப்யூட்டர்’. அன்று கம்ப்யூட்டர் என்றால் உட்கார்ந்து கணக்குப் போடுகிற மனிதர். நாம் இன்று பெட்டியிடம் தள்ளிவிடும் வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பேனாவால் செய்தவர்கள். எந்த முக்கோணம் நம்பத் தகுந்தது, எது தகாதது என்பது அவர்களுக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். பெட்டிக்குத் தெரியாது.

பெட்டிக்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினி தசம எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களோடு வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். அதற்கான விதிமுறை 1985-இல் வந்தது. அதில் முக்கியப் பங்காற்றிய பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கஹான், ஊசி முக்கோணத்தின் பரப்பளவில் ஹெரான் சூத்திரம் எப்படிச் சறுக்கும் என்று தனியாகவே எழுதினார். ஏறத்தாழச் சமமான இரண்டு எண்களைக் கழித்தால் நல்ல இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப் போய், வெட்டுப்பட்ட மிச்சம்தான் நிற்கும். அவர் சொன்ன மருந்து எளிது: பக்கங்களைப் பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்து, அவர் சொன்ன வரிசையில் கூட்டிக் கழி, அடைப்புக்குறியை மாற்றாதே. நம் வயலுக்கு அது தேவைப்படாது. அங்கே கணினி வெட்டுவது பதினைந்தாவது இலக்கத்தில், நாடா வெட்டுவது மூன்றாவது இலக்கத்தில்.

வகுப்பில் அன்றாடம் நடக்கும் இரண்டு விபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, சைன் 30 கேட்டால் −0.988 என்று வரும். கணினி 30-ஐ ரேடியனாக எடுத்துக்கொண்டது. ஒருமுறை முழுப் பயிற்சித்தாளையும் இப்படியே போட்டு அச்சடித்துக் கொடுத்தவன் நான். கடைசி வரிசையில் இருந்த பையன்தான் “சார், சைன் எப்படி சார் மைனஸ்ல போகும்?” என்றான். இரண்டாவது கொஞ்சம் ஆழமானது. 10, 7 என்று இரண்டு பக்கங்கள். 7-க்கு எதிரே 40 பாகை. சைன் விதிப்படி 10-க்கு எதிரே உள்ள கோணத்தை விரிதாளில் கேட்டால் 66.7 பாகை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். 113.3 பாகையும் சரியான விடைதான். ஜியோஜீப்ராவில் கதிரும் வட்டமும் வரைந்தால் இரண்டு வெட்டுப்புள்ளிகளும் கண்ணெதிரே நிற்கும். இந்த இடத்தில் படம் சூத்திரத்தைவிட நேர்மையானது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாட்ஸப்பில் உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும்: போதையனார் பெயரில் ஒரு பழைய பாட்டு, பித்தாகரஸுக்கு முன்பே தமிழன் கர்ணம் கண்டுபிடித்தான் என்ற தலைப்போடு. பாட்டும் பெயரும் எந்தக் காலத்தவை என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. விதியை மட்டும் பார்ப்போம். செங்கோண முக்கோணத்தில் நீண்ட பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைக் கழி. அதோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர். கர்ணம் கிடைக்கும். வர்க்கம் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். 3, 4 கொடுத்தால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. சரி. 5, 12 கொடுத்தால் பத்தரையும் இரண்டரையும் 13. அதுவும் சரி. 8, 15 கொடுத்தால் 17.125. வரவேண்டியது 17.

சிலர் உடனே ‘பார்த்தீர்களா, தப்பு’ என்பார்கள். சிலர் முதல் இரண்டு விடையை மட்டும் காட்டிக் கைதட்டுவார்கள். இரண்டு கட்சிக்கும் போகாமல் இயந்திரத்திடம் கேட்போம். இந்த விதி எந்த முக்கோணத்துக்குத் துல்லியம்? குட்டைப் பக்கத்துக்கும் நீண்ட பக்கத்துக்கும் உள்ள விகிதத்தை மாறியாக வைத்து, விதி தரும் விடையும் பித்தாகரஸ் தரும் விடையும் சமம் என்று எழுதினால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும்: 48 பெருக்கல் விகிதத்தின் வர்க்கம், கழித்தல் 56 பெருக்கல் விகிதம், கூட்டல் 15, சமம் பூச்சியம். மாக்ஸிமா, சிம்பை என்ற இயற்கணித மென்பொருள்களில் ஒன்றிடம் கொடுங்கள். இரண்டும் இலவசம். வரும் மூலங்கள் 3/4, 5/12. வேறு எதுவும் இல்லை!

எனக்கு அதைப் பார்த்தபோது சிலிர்த்துவிட்டது. நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிற இரண்டே முக்கோணங்கள், 3-4-5, 5-12-13. அந்த இரண்டுக்கு மட்டும்தான் விதி பிசகாமல் பொருந்துகிறது. இந்த எட்டில் ஏழையும் அரையையும் தேர்ந்தெடுத்தவர், அவர் யாராக இருந்தாலும், இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் செய்திருப்பார் என்பது என் ஊகம். மற்ற இடங்களில் எவ்வளவு பிசகுகிறது? வரைபடம் போட்டால், குட்டைப் பக்கம் நீண்டதில் பன்னிரண்டில் ஐந்து பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்குக்குள் இருக்கும்வரை பிசகு ஒரு சதவீதத்துக்கும் கீழே. இரண்டு பக்கமும் சமமானால் 2.8 சதவீதம் குறையும். குட்டைப் பக்கம் மிகச் சிறியதாகப் போனால் பன்னிரண்டரை சதவீதம் வரை அடி வாங்கும். கூரைச் சரிவுக்குக் கழி வெட்டுகிற ஆசாரிக்கு இது போதுமான விதி. வேடிக்கை என்னவென்றால், மின்னணுச் சமிக்ஞைகளைக் கையாளும் பொறியாளர்கள் வர்க்கமூலம் போட நேரமில்லாத இடங்களில் இதே வகை விதியைத்தான் பயன்படுத்துகிறார்கள்: பெரியதில் இத்தனை பங்கு, சிறியதில் இத்தனை பங்கு. அதில் பித்தாகரஸை யாரும் தோற்கடிக்கவில்லை. வேலைக்கு ஏற்ற பிசகை ஏற்றுக்கொண்டார்கள்.

கூம்புக்கு வருவோம். சாயுயரம் என்பதே ஒரு கர்ணம்தான், ஆகையால் நாம் வீட்டை விட்டு வெகுதூரம் போகவில்லை.

பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நம் பக்கத்தில் அறுவடை முடிந்து களத்தில் நெல்லைக் குவித்தால் அது தானாகவே கூம்பாக நிற்கும். எவ்வளவு நெல் என்று மரக்காலை எடுக்காமல் சொல்ல முடியுமா? பாஸ்கராசாரியர் 1150-இல் எழுதிய லீலாவதியில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குவியலின் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை வர்க்கப்படுத்தி உயரத்தால் பெருக்கச் சொல்கிறார். உயரத்தை அளக்கக்கூட வேண்டாம். பருமனான தானியம் என்றால் சுற்றளவில் பத்தில் ஒன்று, நுண்ணிய தானியம் என்றால் பதினொன்றில் ஒன்று, முனையில் முள்ளுள்ள தானியம் என்றால் ஒன்பதில் ஒன்று. சுவரை ஒட்டிக் குவித்திருந்தால் சுற்றளவை இரண்டால் பெருக்கு, வீட்டின் உள்மூலையில் என்றால் நான்கால், வெளிமூலையில் என்றால் ஒன்றே மூன்றில் ஒன்றால். வந்த கன அளவை அதே எண்ணால் வகு. அறைக்குள் நெல் கொட்டியதைப் பார்த்தவர் எழுதிய கணக்கு இது.

ஒன்பதில் ஒன்று என்றால் சாய்வு எத்தனை பாகை? கணினியில் ஒரு வரி: 34.9. பத்தில் ஒன்றுக்கு 32.1, பதினொன்றில் ஒன்றுக்கு 29.7. குவியல் சரியாமல் நிற்கும் கோணம் தானியத்துக்குத் தானியம் மாறும் என்பதை அவர் கோணம் என்ற சொல்லே இல்லாமல் மூன்று பின்னங்களில் எழுதிவிட்டார்.

இப்போது சுற்றளவு 9 மீட்டர், உயரம் 1 மீட்டர். லீலாவதி விதிப்படி 2.25 கன மீட்டர். பள்ளிச் சூத்திரப்படி 2.149. வித்தியாசம் 4.7 சதவீதம். பையின் (π) மதிப்பை 3 என்று எடுத்துக்கொண்டால் லீலாவதி விதி அப்படியே வந்துவிடும், வேறு மர்மம் இல்லை. கன மீட்டருக்கு 580 கிலோ நெல் என்று வைத்தால் சுமார் 59 கிலோ கூடுதல், ஏறக்குறைய ஒரு மூட்டை. விளைச்சலில் பங்கு கேட்டு வருபவருக்கு வசதியான பிசகு.

பையை 3.14159265 என்று போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? நில்லுங்கள். களத்துக் குவியல் உண்மையில் கூம்புதானா? கொஞ்சம் வயிறு தள்ளித்தானே இருக்கும்? பாதி உயரத்தில் கயிறு கட்டிச் சுற்றளவு பாருங்கள். கூம்பாக இருந்தால் 4.5 மீட்டர் வரவேண்டும். 5 மீட்டர் வருகிறது என்று வைப்போம். கீழ்ப்பாதி கூம்பின் இடைக்கண்டம், மேல்பாதி சின்னக் கூம்பு. இரண்டையும் கூட்டினால் 2.334 கன மீட்டர். பள்ளிச் சூத்திரத்தைவிட 8.6 சதவீதம் அதிகம், லீலாவதியைவிடவும் அதிகம்! பையில் எட்டு இலக்கம் சேர்த்து நாம் திருத்தியதைவிட, இடுப்பில் ஒரு கயிறு கட்டியது பெரிய திருத்தம். நான்கு இடத்தில் கட்டினால் இன்னும் நல்லது. இடைக்கண்டங்களைக் கூட்டிக்கொண்டே போகிற அலுப்பு வேலையைத்தான் கணினிக்குக் கொடுக்க வேண்டும்.

கணினி என்னை உண்மையிலேயே ஏமாற வைத்த ஒரு கூம்பும் உண்டு. புதுமண்டபம் பக்கம் வறுகடலை வாங்கியிருப்பீர்கள். காகிதத்தைச் சுருட்டிப் பொட்டலம் போட்டுத் தருவார்கள். வட்டமான காகிதம் ஒன்றிலிருந்து இரண்டு பொட்டலம் போட வேண்டும். இரண்டிலும் சேர்த்து அதிகக் கடலை பிடிக்க வேண்டும். எப்படி வெட்டுவது? யாரைக் கேட்டாலும் சரிபாதி என்பார்கள். நானும் சொன்னேன். 15 சென்டிமீட்டர் ஆரத்துக்கு இரண்டு அரைவட்டமும் சேர்ந்து 1,530 கன சென்டிமீட்டர் பிடிக்கும். ஆனால் வெட்டும் கோணத்தை ஸ்லைடரில் நகர்த்தி வரைபடம் பார்த்தால் சரிபாதியில் ஒரு பள்ளம் தெரிகிறது. உச்சி அதற்கு இரண்டு பக்கமும் தள்ளி இருக்கிறது: ஒரு வட்டக்கோணப்பகுதி சுமார் 117 பாகை, மற்றது 243. அப்போது 1,541 பிடிக்கும். கையால் வகையிட்டால் வரும் சமன்பாடு கண்ணீர் வரவைக்கும். இயந்திரம் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும்.

ஆனால் லாபம் எவ்வளவு? பதினோரு கன சென்டிமீட்டர். ஒரு வாய்க் கடலை. கடலைக்காரர் சரிபாதியாக வெட்டுவதில் ஒரு குறையும் இல்லை. நான் ஏமாந்தது கணிதத்தில், அவர் வியாபாரத்தில் ஏமாறவில்லை.

நேரமாகிவிட்டது. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அதன் உயரம் 160 அடி என்று ஒரு புத்தகம், 170 என்று இன்னொன்று. சில மாணவிகளோடு ஒருநாள் கைபேசியில் கோணமானியைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். கோபுரத்தின் நடுவிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்று 27.5 பாகை என்று படித்தால் கணினி 52.0567 மீட்டர் என்று சொல்லும், 170.8 அடி. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம்! ஆனால் கைபேசி ஒரு பாகை தவறினால் உயரத்தில் 2.2 மீட்டர் போகும். ஏழு அடி. புத்தகங்களுக்குள் இருக்கும் சண்டையில் பெரும்பகுதி இந்த ஒரு பாகைக்குள்ளேயே அடங்கிவிடும். கலசம் நிற்பது வாசலின் நடுவுக்கு மேலே, வெளிச்சுவருக்கு மேலே அல்ல. தூரத்தைச் சுவர்வரை மட்டும் அளந்து பத்து மீட்டரைத் தவறவிட்டால் உயரத்தில் ஐந்து மீட்டர் குறையும். தரையிலிருந்து கண்வரை உள்ள உயரத்தைச் சேர்க்க மறந்தவர்களும் உண்டு.

அந்த மாணவிகளில் ஒருத்தி கேட்டாள்: “எங்க நின்னா சார் இந்த ஒரு பாகைத் தப்பு கம்மியா பாதிக்கும்?” நான் பதில் சொல்லவில்லை. அவளே ஜியோஜீப்ராவில் கோபுரத்தை நிறுத்தி, நிற்கும் புள்ளியை நகர்த்திக்கொண்டே போனாள். 20 மீட்டரில் பிசகு 2.7, நூறில் 2.2, நடுவே இறங்கிப் போய் 45 பாகை வரும் இடத்தில் 1.8. கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும். மடிக்கணினியை மூடிவிட்டு நாடாவைப் பிடித்து அந்த இடத்துக்குப் போனோம். அங்கே ஒரு பூக்கார அம்மா கடை போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். கூடையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, “நில்லு தாயி, சீக்கிரம் பாத்துட்டுப் போ” என்றார்.